நாலு பக்கமும் அஞ்சடி

தவிட்டுப்பட்டிக்காரர்களைப் பற்றி வெளியூரில் பேசிக்கொள்வதில் பாதி பொய். அந்தப் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை மட்டும் சொல்கிறேன்.

மொக்கராசு, வீரணன், சின்னாண்டி என்று மூன்று அண்ணன்மார். மூவருக்கும் ஒரே தங்கை கிளியம்மா. ஊர்க் கோடியில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு ஒன்றும் அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் அவர்களுக்குச் சொத்து. நல்ல மனிதர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிடுவார்கள், அதுதான் ஒரே சிக்கல். ஒருமுறை பஸ் கண்டக்டர் "கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் இறங்குங்க" என்று சொல்ல, டிரைவரையும் இறக்கிவிட்டுத்தான் மூவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். டிரைவர் ஒத்துக்கொள்ளாததால் கொஞ்சம் தள்ளுமுள்ளு ஆனது.

கிளியம்மா தையல்காரி. ஒன்பது வருடமாகக் கிழிந்த கால்சட்டைக்கு ஒட்டுப் போட்டும், சேலைக்கு ஓரம் அடித்தும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். தன் பெயரில் ஒரு கடை, வாசலில் ஒரு போர்டு, பெரிதாக ஒரு வேலை, இதுதான் அவள் ஆசை. பாவம், நியாயமான ஆசைதான்.

அந்தப் பெரிய வேலை ஒரு ஆடி மாதத்தில் இருதயராஜ் மாஸ்டர் உருவத்தில் வந்தது. கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கும் பேண்டு செட்டுக்கு அவர்தான் தலைவர்.

"தங்கச்சி, ஆவணி பொறந்தா எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பன்னெண்டு பேருக்கும் சிவப்புக் கோட்டு வேணும். துணி நான் தர்றேன். ஆனா உன் கடைக்கு நகராட்சி அனுமதி இருக்கணும்" என்றார்.

"அது எதுக்குண்ணே?"

"போன வருசம் தச்ச கடைக்கு அனுமதி இல்ல. சீல் வச்சப்ப எங்க கோட்டும் உள்ள மாட்டிக்கிருச்சு. சீசன் முழுக்கப் பனியனோட வாசிச்சோம். ஒரு கல்யாணத்துல எங்களச் சமையல் ஆளுகன்னு நெனச்சு வெங்காயம் உரிக்க உக்கார வச்சிட்டாங்க."

கிளியம்மாவுக்கு இராத் தூக்கம் போய்விட்டது. தவிட்டுப்பட்டியை நகராட்சியோடு சேர்த்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அனுமதி என்றால் என்ன நிறம், என்ன வடிவம் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. "நாங்க இருக்கோம்ல" என்றார்கள் அண்ணன்மார். அவள் அதற்கப்புறம்தான் ரொம்பக் கவலைப்பட்டிருக்க வேண்டும். அவளோ நிம்மதியாகிவிட்டாள். அவளும் அந்த வீட்டுப் பெண்தானே.

நகராட்சி அலுவலகத்தில் கட்டட அனுமதி பார்ப்பவர் தாமோதரன் சார். பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர். அவர் மேசை மேல் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து விரலை வைத்தார்.

"இதான் உங்க இடம். மஞ்சள்ல இருக்கு. மஞ்சள்னா குடியிருப்பு. எதிர்ல பச்சை, அது விவசாயம். அங்க மெயின் ரோட்டோரம் நீலம், அது கடைகண்ணி. எந்த இடத்த எதுக்கு ஒதுக்கியிருக்கோ அதுக்குத்தான் பயன்படுத்தணும்."

"அப்ப தையல் கடை?" என்றார் மொக்கராசு.

"வீட்டு முன்னறையில ஒரு மிஷின் போட்டுக்கலாம், தப்பில்ல. ஆனா வீட்டச் சுத்தி நாலு பக்கமும் அஞ்சடி காலியா விட்டிருக்கணும். காலின்னா காலி. வியாழக்கிழமை பத்து மணிக்கு நேர்ல வருவேன். வரைபடத்துல உள்ளபடி எல்லாம் இருந்தா அங்கேயே கையெழுத்து."

மூவரும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள். வீடு வந்ததும் மொக்கராசு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார்.

"இது மஞ்சளாவா இருக்கு?"

"செம்மண்ணுண்ணே" என்றார் வீரணன்.

"வரைபடத்துல உள்ளபடி இருக்கணும்னாருல்ல. அவரு மஞ்சளத் தேடிக்கிட்டு வருவாரு. இதப் பாத்துட்டு, வேற யாரு இடமோன்னு நேராப் போயிருவாரு."

"போயிட்டா கையெழுத்து?" என்று பதறினாள் கிளியம்மா.

நல்லவேளையாக மூன்று நாள் இருந்தது. சுண்ணாம்பில் மஞ்சள் பொடியைக் கலக்கி, வேலி முதல் வேலி வரை மண்ணுக்கு அடித்தார்கள். நாலு மூலையில் ஆளுக்கொன்றாக நின்று உள்நோக்கி அடித்துவந்ததால் கடைசியில் நால்வரும் வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, காயட்டும் என்று சாயங்காலம் வரை நின்றார்கள். இரண்டு கோட்டு அடித்தால்தான் எடுப்பாக இருக்கும் என்று சின்னாண்டி சொன்னதால் மறுநாளும் நின்றார்கள்.

அடுத்து அஞ்சடி. கிளியம்மாவின் இஞ்ச் டேப்பை வைத்து அளந்தார்கள். சுவருக்கும் வேலிக்கும் நடுவே நாலு பக்கமும் சரியாக அஞ்சடி இரண்டு அங்குலம் இருந்தது. ஆனால் அது காலியாக இல்லை. துவைக்கிற கல், கோழிக்கூண்டு, சைக்கிள், ஒரு முருங்கை மரம் என்று சந்தைக்கடை மாதிரி இருந்தது. கல்லையும் கூண்டையும் சைக்கிளையும் வீட்டுக்குள் தூக்கிப்போட்டார்கள். மரத்துக்கு மட்டும் விவாதம் நடந்தது.

"மரம் நிக்குது. நிக்கிற இடம் காலியா?" என்றார் சின்னாண்டி.

"அது அப்பா வச்சது. விதிக்கு முந்தி வந்தது. அது நிக்கலாம்" என்றார் மொக்கராசு.

"எல விழுதேண்ணே? எல இன்னைக்கு விழுகுறது. அது விதிக்குப் பிந்தி."

இது நியாயமாகப் பட்டது. கிளியம்மாவின் பழைய சேலையை மரத்துக்கடியில் நாலு மூலையும் இழுத்துக் கட்டினார்கள்.

எல்லாம் முடிந்து கையைத் தட்டிக்கொண்டு அந்த மஞ்சள் தரையில் நின்றபோதுதான் மொக்கராசுவின் முகம் மாறியது.

"ஏப்பா, நம்ம நிக்கிறோமே?"

"நின்னா என்னண்ணே?"

"பஸ்ல ஒரு சீட்டுல நீ உக்காந்திருக்க. அது காலி சீட்டா?"

"இல்ல."

"அப்ப?"

நால்வரும் அலறியடித்துக்கொண்டு விலகினார்கள். மூன்று பேர் வீட்டுப் படியில் ஏறினார்கள். வீரணன் மட்டும் வேலிக் கதவைத் தாண்டித் தெருவுக்கு ஓடிவிட்டார். அப்புறம் படியிலிருந்து தெருவுக்கு ஒரு பலகை போட்டு, பாலம்போல வைத்துக்கொண்டார்கள். வீரணன் நல்ல பாரமான மனிதர். அவர் கால் வைத்ததுமே பலகை நடுவில் வளைந்து மஞ்சளைத் தொட்டது. "நீ அங்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டார்கள். வியாழன் வரை வீரணன் தெருவிலேயே இருந்தார். மூன்று வேளையும் சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டு, ஒரு கழியின் நுனியில் மாட்டி நீட்டினாள் கிளியம்மா. ரசம் மட்டும் வழியிலேயே குறைந்துவிடும்.

வியாழக்கிழமை விடிந்தது. இடம் மஞ்சளாக இருந்தது. அஞ்சடி காலியாக இருந்தது. கிளியம்மா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதரை மணிக்கு எதிர்த்த காட்டிலிருந்து ஒரு ஆடு வந்தது. வீரணன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால், அது அவர் காலுக்கிடையில் புகுந்து மஞ்சளின் நடுவில் போய் நின்றுகொண்டது.

"அய்யய்யோ, அது பச்சையில உள்ள ஆடு! விவசாய ஆடு மஞ்சளுக்குள்ள வரலாமா?" என்று கத்தினார் மொக்கராசு.

சின்னாண்டிக்கு ஆபத்து வேளையில் மூளை வேகமாக ஓடும். மிச்சமிருந்த சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு பலகையில் குப்புறப் படுத்து, ஆட்டுக்குத் தலை முதல் வால் வரை மஞ்சள் அடித்துவிட்டார். "இப்ப இது குடியிருப்பு ஆடு" என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"ஆனா காலி இடத்துல நிக்குதே" என்றாள் கிளியம்மா.

ஆட்டை ஓட்டச் சின்னாண்டி இறங்கினார். ஆடு ஒன்று, ஆள் ஒன்று ஆகிவிட்டது. "நீ ஏண்டா எறங்குன, ஏறு மேல" என்று அவரை இழுக்க மொக்கராசு இறங்கினார். அவ்விருவரையும் வெளியே தள்ள வீரணன் உள்ளே வந்தார். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்னப்பா, அதிகாரி வர்ற நேரத்துல இம்புட்டுப் பேரு நிக்கிறீங்க" என்று மூவரையும் வெளியேற்ற வந்தார். பால்காரரைக் கூப்பிட அவர் மச்சான் வந்தார். தண்ணீர்க் குழாயடியிலிருந்து ஒரு கூட்டமே உதவிக்கு வந்தது. காலி செய்யச் செய்ய இடம் நிறைந்துகொண்டே போனது. கடைசியில் கிளியம்மா தாங்கமாட்டாமல் இறங்கி, "எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினாள்.

"நீ மொதல்ல போம்மா, நீயும் உள்ளதான நிக்கிற" என்றார் பால்காரர்.

ஆடு எப்போதோ வெளியே போய்விட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

சரியாகப் பத்து மணிக்குத் தாமோதரன் சார் வந்தார். மஞ்சள் தரையையும் மஞ்சள் கால்களோடு முண்டியடித்துக்கொண்டிருந்த பதினேழு பேரையும் பார்த்தார்.

"என்ன கூட்டம் இது?"

"கூட்டமெல்லாம் இல்ல சார், காலியாத்தான் இருக்கு. காலி பண்றதுக்குத்தான் இத்தன பேரும் வந்திருக்கோம்" என்றார் மொக்கராசு பணிவாக.

தாமோதரன் சார் அவர்களை நோக்கி வேகமாக நடந்து வந்தார். மொக்கராசு, "சார், நீங்களும் உள்ள வந்துட்டீங்க. பதினெட்டு" என்றார்.

அவருடைய பொறுமை அன்றோடு முடிந்தது. "யோவ்! காலின்னா கட்டடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்யா! ஆளு போகலாம், வரலாம், நிக்கலாம், எத்தன பேரு வேணாலும் நிக்கலாம்!"

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் ரசமாச்சும் கெடச்சிருக்கும்" என்றார் வீரணன்.

கிளியம்மா அழுதேவிட்டாள். "சார், எனக்கு மொத மொதல்ல வந்திருக்க பெரிய வேலை சார். இத விட்டா நான் ஆயுசுக்கும் ஒட்டுத்தான் போடணும். அவுங்க எனக்காகத்தான் சார் மண்ணுக்கெல்லாம் வெள்ளையடிச்சாங்க. மஞ்சளா அடிச்சாங்க."

தாமோதரன் சார் கல்நெஞ்சர் இல்லை. டேப்பை எடுத்து அளந்தார். நாலு பக்கமும் அஞ்சடி இரண்டு அங்குலம். அந்த வட்டாரத்தில் இப்படி விதிப்படி இருந்த வீட்டை அவர் அதுவரை பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது விரலை நீட்டி ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

"இனிமே உங்க இஷ்டத்துக்கு எதுவும் செய்யாதீங்க. இந்தக் கடையில எது செஞ்சாலும் விதிப்படிதான் செய்யணும். மீறினா அனுமதி ரத்து!"

ஆட்டுக்காரர் சாயங்காலம் வந்து, தெருவில் நின்ற மஞ்சள் ஆட்டைப் பார்த்தார். தன் ஆடு கறுப்பு, இது தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடு கிளியம்மாவோடு தங்கிவிட்டது.

மறுநாள் வாசலில் போர்டு ஏறியது. பன்னிரண்டு கோட்டுக்கான சிவப்புத் துணி வந்தது, தங்கநிறச் சரிகை நாடாவும் வந்தது. கிளியம்மா துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கத்திரியைக் கையில் எடுத்தாள்.

"கிளி, நில்லு" என்றார் மொக்கராசு. "கோட்டு இந்தக் கடையிலதான செய்யிற?"

"ஆமாண்ணே."

"எது செஞ்சாலும்?"

"விதிப்படி."

"கோட்டுக்குள்ள யாரு இருப்பா?"

"மாஸ்டரு."

"அப்ப மாஸ்டருதான் வீடு. கோட்டு வேலி. நடுவுல நாலு பக்கமும்?"

கிளியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டரின் மார்பளவு முப்பத்தெட்டு என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் எவ்வளவு தளர்வு விட வேண்டும் என்று அவள் கைக்கும் தெரியும். ஆனால் ரத்து என்ற சொல்லை நினைத்ததுமே கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாஸ்டரு கோவிச்சுக்குவாரேண்ணே?"

"மாஸ்டரு கோவிச்சா ஒரு வேலை போகும். சார் கோவிச்சா கடையே போகும்."

கிளியம்மா சாக்குக்கட்டிக் கோடுகளைத் தட்டி அழித்துவிட்டு, டேப்பை அஞ்சடிக்கு இழுத்தாள்.

இருபது நாள் தைத்தாள். மூன்று அண்ணன்மாரும் ஆளுக்கொரு பக்கம் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மாஸ்டரைச் சுற்றி அஞ்சடி விட்டு, கையும் கழுத்தும் பொருத்தி, அதே கணக்கில் இரண்டு பாக்கெட்டும் வைத்தாள். பட்டன் தைக்கப் போனபோது சின்னாண்டி தடுத்தார். பட்டன் காலி இடத்தில் வருகிறது, அது நட்டுக்கொண்டு நிற்கிறது, ஆகவே அதுவும் கட்டடம்தான் என்றார். அதனால் முன்பக்கத்தைச் சேர்த்தே தைத்துவிட்டாள். துணி தீர்ந்தபோது ஒரு கோட்டு முடிந்திருந்தது. ஆடு வந்து வலது பாக்கெட்டில் ஏறிப் படுத்துக்கொண்டது. எவ்வளவு விரட்டியும் இறங்கவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலையில் இருதயராஜ் மாஸ்டர் தன் ஆட்களோடும் வாத்தியங்களோடும் வந்து இறங்கினார்.

"இது என்ன தங்கச்சி, சாமியானாவா?"

"உங்க கோட்டுண்ணே."

"மத்த பதினொண்ணு?"

"துணி இதுக்கே சரியாப் போச்சு."

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஊர்வலத்துக்கு அரைமணிதான் இருந்தது. "திரும்பவும் பனியனா? திரும்பவும் வெங்காயமா?" என்று புலம்பினார். கிளியம்மாவின் கண்ணில் நீர் முட்டியது. மொக்கராசு மட்டும் அசரவில்லை. அவர் தாமோதரன் சாரின் ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடமாக வைத்திருந்தார்.

"மாஸ்டர், காலி இடத்துல ஆளு நிக்கலாம். எத்தன பேரு வேணாலும் நிக்கலாம். சார் சொல்லியிருக்காரு."

மாஸ்டர் அவரைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு கீழ் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அவர் தலை கழுத்து வழியாக வெளியே வந்தது. பின்னாலேயே டிரம், டிரம்பெட், ஜால்ரா என்று பதினொரு பேரும் உள்ளே போனார்கள். இடம் தாராளமாக இருந்தது. துணி கீழே விழாமல் நாலு மூலையிலும் கழி வைத்துத் தாங்கிக்கொள்ள மூன்று அண்ணன்மாரும் கிளியம்மாவும் கூடவே போனார்கள்.

ஊர்வலம் பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பட்டது. மேலே ஒரு தலை, கீழே பத்து முப்பது கால், நடுவில் சரிகை வைத்த சிவப்பு மலை ஒன்று இசையோடு நகர்ந்து வந்ததை அந்த ஊர் மறக்கவே மறக்காது. கடைவீதியில் டிரம் ஒரு பக்கம் முட்டிக்கொண்டு வெளியே புடைத்தபோது, "பக்கத்து இடத்துல ஏறாத, ஆக்கிரமிப்பாயிரும்!" என்று உள்ளிருந்து மொக்கராசுவின் குரல் கேட்டது.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பட்டுவேட்டி நனையாமலிருக்க மாப்பிள்ளை கோட்டுக்குள் ஓடினார். பெண்ணும் ஓடினாள். இரண்டு வீட்டாரும் சீர்த்தட்டோடு ஓடினார்கள். மண்டபத்து வாசலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, கோட்டின் அகலத்துக்கு அந்த வாசல் போதாது. வெளியே மழையோ விடுவதாக இல்லை. முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டதால் ஐயர் மண்டபத்திலிருந்து ஓடிவந்து கோட்டுக்குள் நுழைந்தார். உள்ளே மந்திரம் கேட்டது. கெட்டிமேளம் கேட்டது. கழுத்துக்கு மேலே இருந்த மாஸ்டரின் தலையில் மட்டும் கொஞ்சம் அட்சதை வந்து விழுந்தது.

கல்யாண வீட்டாருக்கு ஒரே சந்தோஷம். மாஸ்டருக்கு அன்றைக்கே மேலும் மூன்று ஊர்வலம் கிடைத்தது. கிளியம்மாவை நிற்கவைத்து எல்லோரும் பாராட்டினார்கள். ஒன்பது வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

நனைந்த கோட்டைக் காயப்போடச் சுமந்துகொண்டு வீடு திரும்பும் வழியில் மொக்கராசு திடீரென்று நின்றார்.

"கிளி, தப்பு நடந்துபோச்சு. கோட்டுக்குன்னு ஒதுக்குன எடத்துல கல்யாணம் நடந்திருக்கு. இது இப்பக் கோட்டு இல்ல, கல்யாண மண்டபம். சாருக்குத் தெரிஞ்சா ரத்து!"

கிளியம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மறுநாள் காலை நகராட்சி அலுவலகம் திறக்கும்போதே கோட்டை நால்வரும் சுமந்துகொண்டு போய், தாமோதரன் சாரின் மேசை, நாற்காலி, தாமோதரன் சார் எல்லாவற்றின் மேலும் விரித்தார்கள். பயன்பாட்டு மாற்றத்துக்கான மனுவை மொக்கராசு கீழ் ஓரத்தைத் தூக்கி உள்ளே நீட்டினார்.

துணிக்கடியில் மனுவைப் புரட்டும் ஓசை மட்டும் வந்தது. இருபத்தைந்து வருடம் ஒரே நாற்காலியில் இருந்தவருக்கு, எதன் மேல் மனு என்று மறந்துபோனாலும் கேட்க வேண்டிய கேள்வி மறக்காதல்லவா?

"கல்யாண மண்டபம்னா வண்டி நிறுத்த இடம் காட்டணுமே. எங்கய்யா இருக்கு?"

"இடது பாக்கெட்டு சார்" என்றார் மொக்கராசு. "வலதுல ஆடு குடியிருக்கு."